கடலோடு ஒத்து வாழும் தற்சார்புக் குடியிருப்பு: கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கங்களில் உள்ள நண்பர்கள் சிலர் கூட்டாகப் பணம் போட்டுக் கிழக்குக் கடற்கரையில் நிலம் வாங்கி, முப்பது குடும்பங்கள் அளவில் ஒரு தற்சார்புக் குடியிருப்பு அமைக்க விரும்புகிறார்கள். கூட்டங்களிலும் தொலைபேசியிலும் அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வறண்ட காட்டுப் பண்ணையம் தெரிந்தவர்கள், ஆனால் உப்புக்காற்றில் வாழ்ந்து பழக்கமில்லாதவர்கள் என்ற நிலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

கொங்கு நாட்டில் கடலே இல்லையே, கடலோர ஊர் அமைப்பதைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்?

கடல் நம் பார்வைக்கு எட்டாமல் இருக்கிறதே தவிர, நாம் செய்யும் ஒவ்வொன்றும் அதைப் போய்ச் சேர்கிறது. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியில் கலக்கின்றன. காவிரி பூம்புகாரில் கடலை அடைகிறது, அதன் பெருங்கிளையான கொள்ளிடம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குத் தெற்கே கடலில் இறங்குகிறது. அந்தக் காட்டுக்கு வேண்டிய நன்னீரும் வண்டலும் மேல்நாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு, கழிமுகம் வரை போய்ச் சேர வேண்டிய வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எஞ்சியதைக் கரூர், நாமக்கல் பகுதிகளில் ஆற்றுமணலாக அள்ளிக் கட்டடமாக்கிவிட்டோம். மணல் வராத கடற்கரை நிலத்தை அரிக்கத் தொடங்கும். எனவே கடலோர ஊரை வடிவமைக்கும் வேலையில் ஒரு பாதி கடற்கரையில் நடக்கிறது, மறுபாதி நம் ஆற்றோரங்களில் நடக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தொடர்பு மிகப் பழையதும்கூட. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் செய்யப்பட்ட மணிக்கற்களும் இரும்புப் பொருள்களும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்கும், கரூர் வழியாகக் கிழக்குக்கும் சென்றன. கடல் வணிகத்தில் கொங்கு நாட்டுக்கு நெடுங்காலப் பங்கு உண்டு.

கடலோரத்தில் எதுவரை தற்சார்பாக இருக்க முடியும்?

குடிநீர், கழிவு மேலாண்மை, காய்கறி, கீரை, முட்டை, விறகு, வீட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி ஆகியவற்றில் முப்பது குடும்பங்கள் ஏறத்தாழ முழுமையாகத் தம் காலில் நிற்கலாம். நெல், பருப்பு, எண்ணெய்வித்து ஆகிய மூன்றையும் அந்த மணலில் முழுத் தேவைக்கும் விளைவிக்க முயன்றால், நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்ப்பதில்தான் அது முடியும். நெய்தல் நிலம் எந்தக் காலத்திலும் உப்பையும் மீனையும் கொடுத்துத் தானியத்தை வாங்கி வாழ்ந்த நிலம். உமணர்கள் வண்டிகளில் உப்பேற்றி உள்நாட்டுக்கு வந்ததும் அதனால்தான்.

ஆகவே ஒரு கடலோரக் குடியிருப்பையும் ஓர் உள்நாட்டு ஊரையும் இணை ஊர்களாக வைத்துத் திட்டமிடுவதே சரியான வழி என்று கருதுகிறேன். உப்பும் கருவாடும் இங்கே வரட்டும்; கம்பு, சோளம், செக்கு எண்ணெய், ஈரோட்டு மஞ்சள் அங்கே போகட்டும். உறவுக்காரர்கள் இரு இடத்திலும் இருப்பார்கள் என்பதால் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இடைத்தரகர் தேவைப்படாது.

கடலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வீடு கட்ட வேண்டும்?

நடைமுறையில் உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2019ஆம் ஆண்டினுடையது. அதற்கு முன் 1991, 2011 ஆகிய ஆண்டுகளின் அறிவிக்கைகள் இருந்தன. மக்கள் அடர்த்தி குறைந்த ஊரகக் கடற்கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் பொங்கும்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அடர்த்தி மிகுந்த ஊரகப் பகுதிகளுக்கு, அதாவது 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு, அந்த அளவை 50 மீட்டராகக் குறைத்திருக்கிறார்கள். மணல்மேடு, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் கரை முதலியவை தூரக் கணக்கு எதுவாயினும் தனியே பாதுகாக்கப்பட்டவை.

சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவு. அதை வடிவமைப்பின் இலக்காக எடுத்துக்கொள்வது தவறு. உலக அளவில் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 2006க்குப் பிந்தைய வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. அந்த வேகம் கூடாமல் அப்படியே நீடித்தாலும், இன்று கட்டும் வீடு தன் அறுபதாவது ஆண்டில் 22 சென்டிமீட்டர் உயர்ந்த கடலைப் பார்க்கும். வேகம் கூடிக்கொண்டே வருவதால் உண்மை அதைவிடக் கடுமையாக இருக்கும். தட்டையான கரையில் சில சென்டிமீட்டர் உயர்வுகூட நிலத்துக்குள் பல மீட்டர் நுழைவாக மாறிவிடும். மணல்மேட்டுக்குப் பின்னால், குறைந்தது அரைக் கிலோமீட்டர் தள்ளி, பனைகள் இயல்பாக நிற்கும் மேட்டு நிலத்தில் வீடுகள் அமையட்டும். சன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் ஆசை. கைவிட வேண்டிய முதல் ஆசையும் அதுவே. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டுக்கும் அலைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியைப் பற்றிப் பேசும்போது அந்த நாளை மறந்துவிட்டுப் பேச முடியாது.

மணல்மேட்டைச் சமப்படுத்தித் தோட்டமாக்கலாமா?

கூடாது. சட்டப்படியும் கூடாது, அறிவுப்படியும் கூடாது. காட்டை உழுது சமன்செய்து வரப்புப் போட்டுப் பழகிய நமக்கு மேடுபள்ளமான மணலைக் கண்டதும் கை பரபரக்கிறது என்பதை அறிவேன். அந்த மேடுதான் ஊரின் முதல் அரண், குடிநீரின் சேமிப்பும் அதுவே.

மேடு எப்படி உருவாகிறது என்பதை அருகில் குனிந்து பார்த்தால் அதன் மேல் மண்வெட்டி வைக்க மனம் வராது. அலை எட்டும் கோட்டுக்குச் சற்று மேலே அடும்புக் கொடி படர்ந்திருக்கும். நுனியில் இரண்டாகப் பிளந்த தடித்த இலைகள், ஊதாப் பூக்கள். ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கியிருக்கும். காற்று இழுத்து வரும் மணல் அந்தத் தண்டின் பின்புறம் விரலளவு தேங்குகிறது. கொடி அந்த மணலுக்கு மேலே ஏறி மறுபடியும் வேர்விடுகிறது. மணல் மறுபடியும் தேங்குகிறது. அதற்குப் பின்னால் இராவணன் மீசைப் புல்லும், அதற்கும் பின்னால் தாழையும் புன்னையும் பனையும் வரிசைகட்டி நிற்கும். இந்த வரிசையில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை காற்றுக்குத் தோற்றுவிடும்.

சிதைந்த மேட்டைச் சீர்செய்யப் பொள்ளாச்சி உதவலாம். அங்கே நெய்யப்படும் தென்னைநார் வலைவிரிப்பை மணலின் மேல் விரித்து, அதன் கண்களுக்குள் அடும்புத் துண்டுகளை மழைக்காலத் தொடக்கத்தில் நட்டுவிட்டால், கொடி வேர்பிடிக்கும் வரை விரிப்பு மணலைப் பிடித்துவைக்கும். பிறகு சில ஆண்டுகளில் தானே மக்கிவிடும். கடலுக்குச் செல்லும் நடைபாதை ஒன்றே போதும், அதுவும் மேட்டை நேராக வெட்டாமல் சாய்வாக வளைந்து போகட்டும். நேர்ப்பாதை வழியாகக் காற்று மணலையும், புயல் நாளில் கடல் தன்னையும் உள்ளே கொண்டுவந்துவிடும்.

சவுக்குத் தோப்பு பற்றியும் கேட்கிறார்கள். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் சவுக்கு இன மேம்பாட்டில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது. காற்றுத்தடுப்பாகவும் விறகாகவும் சவுக்கு மிகப் பயனுள்ள மரம். ஆனால் அதை மேட்டுக்குப் பின்னால் மட்டும் நடுங்கள். கடல்முகத்தில் நட்டால் அடும்பு மடிந்துபோகும், பங்குனி ஆமைகளுக்கு முட்டையிட மணல் கிடைக்காது. அவை சனவரி முதல் ஏப்ரல் வரை கரையேறுகின்றன. குஞ்சுகள் ஒளியை நோக்கிப் போகும் இயல்புடையவை என்பதால் அந்த மாதங்களில் கடல் பக்கம் ஒரு விளக்குகூடத் தெரியாதபடி குடியிருப்பின் விளக்குகளை அமைக்க வேண்டும்.

கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பினால் கரை அரிப்பு நிற்காதா?

நம் இடத்தில் நிற்கும், பக்கத்து ஊரில் தொடங்கும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையோரமாக மணல் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் அது போகிறது. மொத்தக் கணக்கில் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. இதற்குக் குறுக்கே எதை நீட்டினாலும் அதன் தென்புறம் மணல் சேர்ந்து, வடபுறம் கரை கரையும்.

புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் நீட்டப்பட்டன. நகரத்தின் மணற்கரை மறைந்தது. கரையைக் காக்கக் கற்கள் கொட்டப்பட்டன. அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற மீனவ ஊர்களை எட்டியது. பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் அமைத்த செயற்கைப் பாறைத்திட்டால் 2018க்குப் பிறகு நகரத்தின் ஒரு பகுதியில் மணல் ஓரளவு திரும்பியது. முப்பது குடும்பங்களால் அப்படிப்பட்ட செலவைச் செய்ய இயலாது. ஆகவே நிலம் வாங்கும் முன் தெற்கே எங்கெல்லாம் துறைமுகம், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்தடுப்பு), கல்சுவர் இருக்கின்றன, எவையெல்லாம் திட்டத்தில் உள்ளன என்று விசாரியுங்கள். மேலே சொன்ன தூரத்தில் வீடு கட்டினால் சுவரே தேவைப்படாது.

குடிநீருக்கு என்ன வழி? போர் போட்டால் போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நம்மவர்கள் மிகவும் பழக்கமான விடையோடு வருகிறார்கள். அந்த விடைதான் கடற்கரையில் மிகுந்த கேடு செய்யும். கோவை, திருப்பூர் பக்கம் 1,000 அடிக்குப் போர் போட்டும் தண்ணீர் வராமல் போனால், மேலும் இறக்குவோம். கடற்கரையில் ஆழம் என்பது உப்பு. அங்கே மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீருக்கு மேலே, எடை குறைவு காரணமாக ஒரு மெல்லிய படலமாகத் தங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கடலோர நிலத்தடி நீரின் அடிப்படைக் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கிவிட்டால், காலப்போக்கில் உப்புநீர் 40 மீட்டர் வரை மேலே ஏறக்கூடும். ஒருமுறை ஏறிய உப்பை மழை கழுவித் தள்ளப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

கடலோரப் பெண்களுக்கு இந்தக் கணக்கு கையில் இருக்கிறது. இராமநாதபுரம் கரையில் மணல்மேட்டின் அடிவாரத்தில் இரண்டு மூன்று அடி ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டுகிறார்கள். அடியில் நீர் மெதுவாகக் கசிந்து தேங்குகிறது. அதைக் கொட்டாங்குச்சியால் மேலாக மொண்டு, மணல் கலங்காமல் குடத்தில் ஊற்றி, மீண்டும் தேங்கும் வரை காத்திருக்கிறார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் நீர் இனிக்கும். அந்தப் பொறுமையை முப்பது வீடுகளுக்கு ஏற்ற அளவில் கட்டமைப்பதுதான் நம் வேலை. ஆழம் குறைந்த, அகன்ற திறந்த கிணறுகளை ஒன்றுக்கொன்று தள்ளி அமைத்து, நாளொன்றுக்கு இவ்வளவுதான் இறைப்பது என்று ஊர்க்கட்டுப்பாடாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரை மண்டல விதிகளும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்துகின்றன.

கிணற்றைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் கூரைநீரை நம்பலாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு நாளைக்கு 10 லிட்டர் என்று வைத்தால், சனவரியில் தொடங்கி அடுத்த பருவமழை வரை ஒன்பது மாதங்களுக்கு 13,500 லிட்டர் வேண்டும். 1,000 சதுர அடிக் கூரையில் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியதும் ஆவியானதும் போக 70,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். மழைநிழலில் கிடக்கும் கோவையைப் போலன்றிக் கடலூர், நாகப்பட்டினம் கரைகளில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆகவே 15,000 லிட்டர் தொட்டி ஒரு குடும்பத்துக்குப் போதும். மிச்சத்தை மணலுக்குள் திருப்பி நன்னீர்ப் படலத்தைத் தடிக்க வைக்கலாம். கூரையில் உப்புத்தூசி படிந்திருக்கும் என்பதால் பருவத்தின் முதல் மழையைத் தொட்டிக்குள் விட வேண்டாம்.

கடல்நீரையே குடிநீராக்கலாமே?

சென்னைக்காக மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் முறையே 2010, 2013 ஆண்டுகளில் தொடங்கப்பட்டன. 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். எஞ்சும் உப்புச்செறிவான கழிவுநீரை மீண்டும் கடலில்தான் விட வேண்டும். பெருநகரத்துக்கு அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம், முப்பது குடும்பங்களுக்குத் தேவையில்லை.

கழிவுநீரைக் கடலில் விட்டால் கரைந்துவிடாதா?

திருப்பூரைப் பார்த்த நாம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. சாயக்கழிவு நொய்யலில் கரைந்துவிடும் என்றுதான் ஒருகாலத்தில் நினைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமாகி, அதன் நீர் பட்ட தோட்டங்களில் தென்னையும் கருகியது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பிறகே ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை உறுதியாக நடைமுறைக்கு வந்தது. கழிவை வெளியே விடாமலேயே தொழில் நடத்த முடியும் என்பதைப் பெருவிலை கொடுத்துக் கற்ற ஊர் நம்முடையது. அந்தப் பாடத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோவோம்.

வீட்டு அளவில் இது எளிது. கடற்கரை மணலில் நீர்மட்டம் சில அடிகளிலேயே இருப்பதால் குழிக் கழிப்பறையும் அடி திறந்த தொட்டியும் நேரே கிணற்றுக்குள் கலந்துவிடும். தரைக்கு மேலே கட்டப்படும், மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து உரமாக்கும் உலர் கழிப்பறையே அங்கே பொருத்தமானது. காவிரிக் கரையில் நம் எல்லையை ஒட்டியுள்ள முசிறியில் இத்தகைய கழிப்பறைகளைப் பொது மக்களே பயன்படுத்தியிருக்கிறார்கள். கட்டும் முன் குடும்பத்தோடு போய்ப் பார்த்து வாருங்கள், கூச்சம் தெளியும். குளியல், சமையல் நீரை வாழையும் கல்வாழையும் நட்ட பாத்திகளில் விடலாம்.

வீடுகளை எப்படிக் கட்ட வேண்டும்?

உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருவாக்கும். துரு பெருத்துக் காரையைப் பெயர்க்கும். கடல்மணலையும் உவர்நீரையும் கலவையில் சேர்த்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். கம்பி குறைந்த கட்டுமானமே அங்கே நீடிக்கும்: சுண்ணாம்புக் காரை, செங்கல் வளைவு, நாற்புறமும் சரியும் தாழ்ந்த கூரை, உயர்ந்த அடித்தளம். இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிட நாற்புறச் சரிவுக் கூரை புயலை நன்கு தாங்கும். சுனாமிக்குப் பின் பல இடங்களில் மரங்களை வெட்டிவிட்டு, தட்டைக் கான்கிரீட் கூரையோடு வரிசை வரிசையாகக் கட்டிய குடியிருப்புகளில் பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. வலை உலர்த்தவும் உறவினர் கூடி உட்காரவும் இடமில்லை. வாசலும் நிழலும் சேர்ந்ததுதான் வீடு.

சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைத் தொடவே கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கியதற்குப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம்.

என்ன பயிரிடலாம்? இறால் பண்ணை வைத்தால் வருமானம் வருமே?

முருங்கை, தென்னை, பனை, சப்போட்டா, மா, பூசணி வகை, கீரைகள் ஆகியவை மணலுக்குப் பழகியவை. தாழ்வான உவர்நிலம் இருந்தால் குழியடிச்சான், களர்ப்பாலை போன்ற மரபு நெல் வகைகளும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் திருச்சி 1 போன்ற உவர் தாங்கும் வகைகளும் உண்டு. சுனாமி நீர் புகுந்த வயல்களை ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைநீரைத் தேக்கி வடித்து மீட்டார்கள். அதே முறை எந்தக் கடலோர வயலுக்கும் பொருந்தும்.

காங்கயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் வெள்வேலும் கொழுக்கட்டைப் புல்லும் வளர்த்து, மாடுகளைச் சுழற்சியாக மேயவிட்டு, உழாமலும் பாசனமின்றியும் நிலத்தை வைத்திருக்கும் வழக்கம் நமக்கு உண்டு. கடற்கரைக்கு நாம் எடுத்துச் செல்லக்கூடிய மிகச் சிறந்த வேளாண் அறிவு அதுதான்: அந்த இடத்தின் மரமும் புல்லும் எவை என்று பார்த்து, அவை தாங்கும் அளவுக்கு மட்டும் கால்நடை வைத்துக்கொள்வது.

இறால் பண்ணை வேண்டாம். நிலத்துக்குள் கடல்நீரைத் தேக்கும் தொழில், சுற்றியுள்ள கிணறுகளையும் வயல்களையும் உவராக்கிவிடும். காந்தியர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபு முறை அல்லாத இறால் பண்ணைகளைத் தடைசெய்தது. அடுத்தவர் கிணற்றைக் கெடுத்து வரும் வருமானத்துக்குத் தற்சார்பு என்று பெயரிட முடியாது.

ஏற்கெனவே அங்கே வாழும் மீனவர்களோடு எப்படி நடந்துகொள்வது?

நிலம் வாங்கும் முன் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பார்க்க வேண்டும், பத்திரம் பதிந்த பிறகு அல்ல. பட்டாவில் காலி மணல் என்று தெரிவது அவர்களுக்குப் படகு ஏற்றும் இடம், வலை காயவைக்கும் இடம், கருவாட்டுக் களம். அந்த இடத்துக்கு வேலி போடுவது ஊரின் வயிற்றில் அடிப்பதாகும். கடலுக்குச் செல்லும் வழியும் நம் நிலத்தின் ஊடே போனால் திறந்தே இருக்கட்டும்.

மீன் வேண்டுமானால் நாம் படகு வாங்க வேண்டியதில்லை. கட்டுமரத்திலும் சிறு ஃபைபர் படகிலும் போகிறவர்களிடம் நியாய விலைக்கு வாங்கினாலே போதும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; அந்த நாள்களில் மீனைக் குறைத்துக்கொண்டு பருப்புக்குத் திரும்பும் சமையல் வழக்கத்தைக் குடியிருப்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். வாடை எப்போது திரும்பும், கொண்டல் அடித்தால் கடல் என்ன செய்யும், எந்த ஆண்டு அலை எதுவரை வந்தது என்பதையெல்லாம் எந்த வரைபடத்தையும்விடத் துல்லியமாக அவர்களே சொல்வார்கள். குடியிருப்பின் திட்டக்குழுவில் அவர்களுக்கு இடம் தராமல் ஒரு கோடுகூட வரையாதீர்கள்.

மின்சாரம்?

ஒரு கிலோவாட் சூரியத்தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். சிக்கனமான ஒரு வீட்டுக்கு அது போதும். தகட்டைத் தாங்கும் சட்டங்களும் திருகாணிகளும் துருப்பிடிக்காத வகையாக இருக்கட்டும், உப்பு படிந்த தகடுகளை நன்னீரால் துடைக்க வேண்டும். சிறு காற்றாலையைக் கடற்கரையில் பராமரிப்பது எளிதன்று. காற்றாலை மின்சாரம் நம் உடுமலை, பல்லடம் பக்கமே இருக்கட்டும்.

புயலும் சுனாமியும் வந்தால்?

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. பனைகள் பெரும்பாலும் நின்றன. ஒற்றைப் பயிரை நம்பி வாழக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த பிச்சாவரம் பகுதி ஊர்களில் சுனாமியின் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். உப்பங்கழியை ஒட்டிய நிலம் கிடைத்தால், அலையாத்தியை நடுவதற்கு முன் ஓதநீர் உள்ளே வந்துபோக வழி செய்யுங்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தைச் சரிசெய்த பிறகே சிதைந்த காடு திரும்பியது.

குடியிருப்பின் பொதுக்கூடம் இரண்டு தளம் கொண்டதாக, கீழ்த்தளம் தூண்கள் மட்டுமாகத் திறந்து, மேல்தளத்தில் தண்ணீரும் அரிசியும் மருந்தும் எப்போதும் இருப்பில் உள்ளதாக அமையட்டும். பக்கத்து மீனவக் குப்பத்துக்கும் சேர்த்தே அதன் அளவைத் தீர்மானியுங்கள்.

குடிபெயர விருப்பமில்லை, இங்கிருந்தே என்ன செய்யலாம்?

நிறைய செய்யலாம். வீடு கட்டும்போது ஆற்றுமணலைத் தவிர்க்கலாம். கோவையின் குளங்களுக்கு வரும் வாய்க்கால்களைத் திறந்து வைத்தால் நொய்யல் சாக்கடையாகாமல் ஆறாக ஓடும். சோப்பு, பூச்சிக்கொல்லி, நெகிழி மூன்றும் பவானிக் கூடுதுறையைத் தாண்டிப் போகாதபடி பார்த்துக்கொள்வது, பிச்சாவரத்து நண்டுக்கும் மீனுக்கும் செய்யும் உதவி. இணை ஊராக இருந்து ஆண்டுதோறும் தானியம் அனுப்பி உப்பும் கருவாடும் பெற்றுக்கொள்ளும் ஐம்பது குடும்பங்கள் இங்கே கிடைத்தால், அங்கே முப்பது குடும்பங்களுக்குப் போர் போடும் தேவையே எழாது.

நிலம் பார்க்க எந்த மாதம் போகலாம்?

சனவரி, பிப்ரவரியில் எல்லாக் கடற்கரையும் அழகாக இருக்கும், கிணறுகள் இனிக்கும். அப்போது முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நவம்பர் மழை ஓய்ந்த மறுவாரம் போய் நீர் எங்கே தேங்குகிறது, கடல் எதுவரை ஏறியது என்று பாருங்கள். மே மாதக் கடைசியில் மீண்டும் போய், அக்கம்பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கையடக்க உப்புமானி இருந்தால் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் உங்களோடு ஊரின் வயதான மீனவர் ஒருவரும், தண்ணீர் எடுக்கும் பெண் ஒருவரும் நடந்து வந்து காட்டட்டும். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் நிலம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.